மலையில் நின்ற வண்டி

"பாக்கியண்ணன் கை வச்சா எஞ்சின் பேசும்யா. ஒயரு முன்னாடி மட்டும் அவருக்கே பேச்சு வராது."

டீக்கடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். இந்தப் பக்கம் பெஞ்சில் பாக்கியநாதனே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு குரல் சிரித்தது.

"ஒச்சப்பன் வண்டியை மூணு தடவை பார்த்தாரு. மூணு தடவையும் மலையில நின்னுருச்சு. நாலாவது தடவை நின்னா ஒச்சப்பன் வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

பாக்கியநாதன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஐம்பத்து மூன்று வயது. அந்த அடிவாரத்து ஊரில் முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் மெக்கானிக். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே சத்தத்தை வைத்து எதில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார்.

உள்ளே வேலுத்தாய் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. லாரி, டிராக்டர், ஆட்டோ என்று எதில் கரண்ட் கோளாறு வந்தாலும் நாலு ஊர்க்காரர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள்.

"தாயி, எனக்கு ஒயர் வேலை கத்துக் குடு."

அவள் நிமிர்ந்தாள்.

"உங்களுக்காண்ணே?"

"எனக்குத்தான். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுரு."

அவள் சிரிக்கவில்லை. காலால் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"எப்பக்குள்ள கத்துக்கணும்?"

"புதன்கிழமைக்குள்ள."

"இன்னைக்குச் சனிக்கிழமை."

"அதான் பாதி டீயோட ஓடி வந்தேன்."

விஷயம் இதுதான். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒச்சப்பன் தன் மோட்டார் சைக்கிளில் தடுப்பூசி மருந்துப் பெட்டியை மலைமேல் ஊத்துப்பாறைக்குக் கொண்டு போவான். பெட்டிக்குள் ஐஸ். ஐஸ் கரைந்தால் மருந்து வீண். போன மாதம் இரண்டு தடவை வண்டி பாதி வழியில் நின்றது. ஒரு லாரியை மறித்து எப்படியோ பெட்டியைச் சேர்த்துவிட்டான். போன வாரம் லாரியும் வரவில்லை. இருபத்திரண்டு குழந்தைகளை ஊசி போடாமலே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு தடவை நின்னா ஜீப்காரன்கிட்ட வேலையைக் குடுத்துருவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார் பாக்கியநாதன். "அவன் என்னைத் திட்டக்கூட இல்ல தாயி. 'நீங்க பார்த்தா சரியாத்தாண்ணே இருக்கும்'னு திரும்பவும் என்கிட்டயே வண்டியை விட்டுட்டுப் போறான். அதுதான் தாங்க முடியல."

"வண்டியைக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார்.

கொட்டகை வாசலில் ஸ்டாண்ட் போட்டார். இடது பக்கக் கண்ணாடியின் தண்டில் கட்டியிருந்த எலுமிச்சை, மிளகாய்ச் சரத்தை இரண்டு கையாலும் கழற்றி ஓர் ஆணியில் மாட்டினார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். அடுத்தவர் சாமி காரியத்தில் கிரீஸ் படக் கூடாது என்பது அவர் கடையில் சட்டம். கையைத் துடைத்துக்கொண்டார். சீட்டைக் கழற்றினார். கருகிய நான்கு ஃபியூஸ்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்தார்.

வேலுத்தாய் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில குடுத்தது போக என்னென்ன சேர்த்து மாட்டியிருக்கு?"

"வளைவுல எதுக்க வர்ற பஸ்ஸுக்குக் கேக்கணும்னு ரெண்டு பெரிய ஹாரன். மேக மூட்டத்துக்கு ரெண்டு லைட்டு. போன் சார்ஜர் ஒண்ணு. திருட்டு அலாரம் ஒண்ணு."

"இந்த வண்டிக்கு அலாரமா?"

"அவனுக்கு இது பென்ஸ் காரு, விடு. பின்னாடி நீல லைட்டு ஒண்ணு, அவன் மக ஆசைப்பட்டுச்சு. அவ்வளவுதான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. எல்லாம் நான் மாட்டினது. எனக்குத் தெரியாதா?"

அவள் எழுந்து வந்து சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட் செய்தாள். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தாள். ஹாரனை அமுக்கினாள். எதிர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எல்லா விளக்கும் எரிந்தது. எஞ்சின் சீராக ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு."

"அதான் தாயி! இங்க ராசா மாதிரி ஓடுது. மலைக்குப் போனா மொத்தமா செத்துருது. லைட்டு இல்ல, ஹாரன் இல்ல, எஞ்சின் இல்ல. பார்த்தா ஃபியூஸ் போயிருக்கு."

அவள் எஞ்சினை அணைத்து, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப இது அந்த வண்டி இல்லண்ணே."

"எந்த வண்டி இல்ல?"

"மலையில நின்ன வண்டி. அதைக் கொண்டு வாங்க."

அவள் திரும்பிப் போய்க் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

பாக்கியநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

அதே வண்டிதான்.

*

இரவு படுக்கையில் புரண்டபோது அவருக்குப் பொறி தட்டியது. மலைக்கு வண்டி வெறுமனே போவதில்லையே. பாரத்தோடு போகிறது. பனியில் நனைந்து போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒச்சப்பனைக் கூப்பிட்டார். மருந்துப் பெட்டிக்குள் மணலை நிரப்பிக் கட்டினார். அவனை ஏறி உட்காரச் சொன்னார். குடத்துத் தண்ணீரை வண்டியின் தலையிலிருந்து வால்வரை ஊற்றினார்.

"அண்ணே, என் மேலயும் ஊத்துறீங்களே."

"மலையில பனி உன் மேல மட்டும் விழாதா? கம்முனு இரு."

நனைந்த வண்டி, நனைந்த ஒச்சப்பன், மணல் பெட்டி. எல்லாம் வேலுத்தாயின் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தன. பாக்கியநாதன் ஸ்டாண்ட் போட்டார். சரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கையைத் துடைத்தார்.

"தாயி, கொண்டு வந்துட்டேன்."

வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்ற ஒச்சப்பனைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல வந்துட்டீங்கண்ணே. ஆனா இன்னும் அது இல்ல."

ஒச்சப்பன் பாக்கியநாதனின் காதருகே குனிந்தான்.

"என்னண்ணே சொல்லுது இந்தப் பொண்ணு?"

"எனக்குப் புரிஞ்சிருந்தா உன்னை ஏன்டா குளிப்பாட்டுறேன்?"

*

திங்கட்கிழமை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தாயி, எனக்குப் பாடமெல்லாம் வேண்டாம். இருக்கிற ஃபியூஸைத் தூக்கிட்டு டபுளா தாங்குற ஃபியூஸைப் போட்டுடுறேன். எப்படிப் போகும்னு பார்ப்போம்."

வேலுத்தாய் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்தாள். ஒரு டிராக்டரின் ஒயர்க் கட்டு. முழங்கை நீளத்துக்குக் கரியாகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அதை அவர் மடியில் வைத்தாள்.

"இதுல யாரோ அப்படித்தான் போட்டாங்க."

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். விரல் கறுத்தது. கீழே வைத்தார்.

அவள் பெஞ்சில் கிடந்த நான்கு ஃபியூஸ்களையும் வரிசையாக நகர்த்தினாள்.

"இது எங்க போச்சு?"

"மலையில."

"மலையில எங்க?"

"எங்கயோ. மலையில."

"இது?"

அவர் முப்பது வருஷத்தில் ஒரு வண்டி என்ன நோவோடு வந்தது என்று கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் நொந்தது என்று கேட்டதில்லை.

அவர் ஒச்சப்பன் வீட்டுக்கு நடந்தார். ஒச்சப்பன் வாசலில் உட்கார்ந்து தொரட்டிக்குக் கழி சீவிக்கொண்டிருந்தான்.

"வண்டி எங்கெங்க நின்னுச்சுன்னு சரியாச் சொல்லு."

"முதல் தடவை நாலாம் வளைவு. ரெண்டாம் தடவை நாலுல நின்னுச்சு, ஃபியூஸ் மாத்துனேன், ஆறுல திரும்பவும் நின்னுச்சு. போன வாரம் மறுபடி நாலு."

"அஞ்சுல நிக்கலையா?"

"ஒத்தை வளைவு எதுலயும் நிக்கலண்ணே. ரெட்டை வளைவுதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க ஒண்ணு உக்காந்திருக்கு. இடது கைப் பக்கமா. எங்க வீட்டுல போய்க் குறி கேட்டுட்டே வந்துட்டா. ஒத்தை எலுமிச்சை பத்தாதுன்னு மூணா ஆக்கியாச்சு. ரெண்டாம் வளைவுக்குக் கீழே கோயில் இருக்குங்கிறதுனால அது அங்க மட்டும் வர்றதில்லையாம்."

"ரெண்டாம் வளைவு பெரிசாச்சேடா. பஸ்ஸே ஒரே மூச்சுல திரும்புமே."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்று ஒச்சப்பன் ஒத்துக்கொண்டான்.

பாக்கியநாதன் எழுந்தார். இடது கைப் பக்கம் என்ற சொல் மட்டும் அவரோடு வந்தது. ரெட்டை வளைவெல்லாம் இடது பக்கம் ஒடிகிறவை. மலையேறுகிறவனுக்கு உள்வளைவு. ஹேண்டிலைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. ஹாரன் அடித்தே ஆக வேண்டும்.

அவர் நடை ஓட்டமானது.

*

திங்கட்கிழமை மீதிப் பொழுதும் செவ்வாய்க்கிழமை பகலும் அதிலேயே போயின.

வழக்கம்போலச் சரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் போகிற ஒயர்கள் அத்தனையையும் பிரித்தார். எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். இணைப்பு ஒவ்வொன்றையும் புதிதாகச் சுற்றினார். பிறகு ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்து ஹாரனை அமுக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நூறு தடவை. தெருவில் போனவர்கள் இவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஃபியூஸ் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினார். சரத்தைக் கழற்றி மாட்டினார். கையைத் துடைத்தார். ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தோத்துட்டேன் தாயி. இடது பக்கம்னு தெரியுது. ஹாரன்னு தெரியுது. ஆனா இங்க எதுவும் நடக்க மாட்டேங்குது."

வேலுத்தாய் கையிலிருந்த வேலையை முதல் தடவையாகக் கீழே வைத்தாள்.

"அண்ணே, உங்க கடைக்கு ஒரு வண்டி வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"சாவியைப் போட்டுப் பார்ப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

"சீட்டைக் கழட்டுவேன்."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லையே."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்சுக்கிட்டே என்னை அலைய விடுற. தெரிஞ்சா சொல்லித் தொலையேன். நாளைக்கு ஒருத்தன் வேலை போகப் போகுது."

"தெரியாதுண்ணே. சந்தேகம்தான் இருக்கு."

"அதையாவது சொல்லு."

"சொன்னா நீங்க அதை மட்டும்தான் பார்ப்பீங்க. என் சந்தேகம் தப்பா இருந்தா, நாளைக்கு மலையில உங்க கண்ணையும் சேர்த்து நான் கெடுத்திருப்பேன்."



அவள் ஒரு தாளில் நாலு புது ஃபியூஸ்களை மடித்துக் கொடுத்தாள். கூடவே ஒரு சுருள் டேப்.

"நாளைக்கு நீங்களும் பின்னாடி உக்காந்து போங்க. வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க. ஐஸ் தாங்கும்."

"போயி?"

"வண்டி நிக்கும். நின்னதும் இறங்குங்க. ஹேண்டிலை நிமித்தாதீங்க. எதையும் தொடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு நூறு எண்ணுங்க."

"எண்ணி?"

"எண்ணுங்க."

"ஐம்பத்து மூணு வயசுல கையைக் கட்டிக்கிட்டு எண்ணச் சொல்ற."

"நீங்கதானே கத்துக் குடுன்னு வந்தீங்க."

*

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். ஒச்சப்பன் முன்னால். அவனுக்குப் பின்னால் பாக்கியநாதன். அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டி, இடுப்பில் ஜில்லென்று இடித்தபடி.

ஒச்சப்பனின் மனைவி பேச்சியம்மாள் அன்று காலையில்தான் புதுச் சரம் கட்டியிருந்தாள். மூன்று பெரிய எலுமிச்சை, பதினொரு மிளகாய், அடியில் ஒரு துண்டு கரி.

முதல் வளைவு போனது. இரண்டாம் வளைவு போனது. ஒச்சப்பன் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டான். வண்டி ஆடியது.

"ரெண்டு கையாலயும் ஓட்டுடா. அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

மூன்றாம் வளைவு போனது.

நாலாம் வளைவு வந்தது. ஒச்சப்பனின் முதுகு விறைத்துக்கொண்டதைப் பாக்கியநாதன் தன் நெஞ்சில் உணர்ந்தார். அவன் கியரைக் குறைத்தான். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தான். ஹாரனை அமுக்கினான்.

ஹாரன் பாதியில் அறுந்தது. எஞ்சின் அடங்கியது. காட்டில் ஏதோ ஒரு பூச்சியின் சத்தம் மட்டும் கேட்டது.

"பார்த்தீங்களா" என்றான் ஒச்சப்பன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பார்த்தீங்களாண்ணே. விடாது போல."

"இறங்கு. ஹேண்டிலைத் தொடாதே. சைடு ஸ்டாண்டைப் போட்டு அப்படியே விடு."

"ஃபியூஸை மாத்துங்கண்ணே, ஐஸ் கரையுது."

"பின் சக்கரத்துக்குக் கல்லை வை. பேசாம இரு."

பாக்கியநாதன் வண்டிக்கு முன்னால் நின்றார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டார்.

ஒன்று. இரண்டு.

இருபதில் கை அரித்தது. முப்பதில் சீட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி அவரைக் கூப்பிட்டது. நாற்பதில், ஒரு வண்டியைத் தொடாமல் இவ்வளவு நேரம் தான் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிற மாடு மாதிரி வண்டி நின்றது. ஐம்பது. ஒச்சப்பன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அறுபது.

எழுபத்தொன்றில் அவருக்கே தெரியாமல் அவருடைய கை அவிழ்ந்தது.

இரண்டு கையும் சேர்ந்து, மரியாதையாக, எலுமிச்சைச் சரத்தை நோக்கிப் போயின.

பாதியில் நின்றன.

அதுக்கு முன்னாடி?

அவர் தன் கைகளையே பார்த்தார். பிறகு, கைகள் போக இருந்த இடத்தைப் பார்த்தார். எத்தனை தடவை கழற்றியிருக்கிறார், எத்தனை தடவை மாட்டியிருக்கிறார். ஒரு தடவைகூட அதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. சாமி சாமான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்த வேலை அது.

சரம் நூலில் கோக்கப்பட்டிருக்கவில்லை. இரும்புக் கட்டுக் கம்பி. மேல் நுனி கண்ணாடித் தண்டில் இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. கீழ் நுனி, கரித்துண்டைத் தாண்டி, ஒரு விரல் நீளம் வாலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில் இடது பக்கம் ஒடிந்து நின்றதால் மொத்தச் சரமும் வண்டியின் கழுத்தோடு வந்து சாய்ந்திருந்தது. அந்த வால், பெரிய ஹாரனின் மூடியில்லாத பித்தளை முனையின் மேல் படுத்திருந்தது.

பட்ட இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் பழைய புள்ளிகள் மூன்று, நான்கு. ஹாரனை அமுக்கும்போதெல்லாம் கரண்ட் அந்தக் கம்பி வழியாக வண்டியின் உடம்புக்கு ஓடி ஃபியூஸைக் கருக்கியிருக்கிறது.

"ஒச்சப்பா."

"அண்ணே."

"இதை எப்ப இருந்து கம்பியில கட்டுறீங்க?"

"முன்னாடி நூல்தாண்ணே. காத்துல அறுந்து விழுந்துருச்சு. மலையில எலுமிச்சை அறுந்து விழுந்தா ஆகாதுன்னு வீட்டுல பயந்துட்டா. அதனால கம்பியில கோத்துக் கட்டினா. அதுக்கு அப்புறம்தான்..."

ஒச்சப்பன் நிறுத்தினான்.

"அதுக்கு அப்புறம்தான்?"

"அதுக்கு அப்புறம்தான் வண்டி நிக்க ஆரம்பிச்சது" என்றான் ஒச்சப்பன் மெதுவாக.

இரண்டு பேரும் சரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாக்கியநாதன்தான் முதலில் சிரித்தார். வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஒச்சப்பன் பயந்துபோய் அவரைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். பிறகு ஆத்திரம் வந்து சரத்தைப் பிய்த்துப் பள்ளத்தில் எறியப் போனான்.

பாக்கியநாதன் அவன் கையைப் பிடித்தார்.

"எலுமிச்சை என்னடா பண்ணுச்சு? உம் பொண்டாட்டி காலையில எந்திரிச்சுக் கட்டினது."

கம்பியை உருவினார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, முறுக்கி, பழங்களையும் மிளகாயையும் அதில் கோத்தார். ஹாரன் பக்கம் எட்டாதபடி குட்டையாக, உயரமாகக் கட்டினார். ஹாரனின் பித்தளை முனைகளில் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். கடைசியாகச் சீட்டைக் கழற்றிப் புது ஃபியூஸைச் செருகினார்.

ஹேண்டில் இன்னும் இடது பக்கம்தான் இருந்தது. சாவியைத் திருப்பி ஹாரனை அமுக்கினார்.

காடு எழுந்து உட்கார்ந்தது.

அந்த வளைவில் போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. வேலுத்தாயைக் கூப்பிட்டார்.

"தாயி! அந்த வண்டி கிடைச்சிருச்சு!"



"சந்தோஷம்ணே."

"இப்பவே திருப்பி உன் கொட்டகைக்குக் கொண்டு வந்து காட்டணும் போல இருக்கு."

"இங்க எதுக்குக் கொண்டு வர்றீங்க? மேலே கொண்டு போங்க."

லைன் போய்விட்டது.

ஐந்தாம் வளைவு போனது. ஆறாம் வளைவில் ஒச்சப்பன் ஹாரனைத் தொட்டும் தொடாமலும் அமுக்கினான். வண்டி திரும்பியது. எட்டில் கொஞ்சம் தைரியமாக. பத்தில், எதிரே வந்த பஸ்ஸே ஒதுங்கியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், மெதுவாய்யா!" என்றார். பன்னிரண்டாம் வளைவில் பனி கலைந்து வெயில் வந்தது. பெட்டிக்குள் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

பதினான்காம் வளைவு கடைசி. அதுவும் இடது பக்கம். மற்ற எல்லாவற்றையும்விடக் குறுகலானது. அதற்கு மேலே ஊத்துப்பாறையின் சின்ன சுகாதார நிலையம் தெரிந்தது. வாசலில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் காத்திருந்து ஏமாந்தவர்கள் என்பதால் ஒருத்தியும் சாலையைப் பார்க்கவில்லை.

ஒச்சப்பன் வேகத்தைக் குறைத்தான். வண்டியை ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினான்.

"இந்த ஒரு வளைவை மட்டும் ஹாரன் இல்லாமத் தள்ளிக்கிட்டே போயிருவோமாண்ணே? கிட்ட வந்துட்டோம். எதுக்கு வம்பு?"



"ஓட்டுடா" என்றார் பாக்கியநாதன்.

ஒச்சப்பன் கியரைப் போட்டான். ஹேண்டில் இடது பக்கம் கடைசிவரை ஒடிந்தது.

பின்னால் இருந்து பாக்கியநாதன் எக்கி, ஒச்சப்பனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவன் கட்டை விரலை விலக்கிவிட்டு ஹாரன் பட்டனைத் தன் விரலால் அமுக்கினார்.

வாசலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வண்டி வளைவைத் தாண்டி, நேர்ச் சாலைக்கு வந்து, சுகாதார நிலையத்தின் படிக்கட்டில் முன் சக்கரம் முட்டுகிறவரை அவர் விரலை எடுக்கவில்லை.